ளமான்: கழுத்தில் விழும் கடன்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்



ஒரு சமயம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தங்கள் மனைவியருள் ஒருவரின் இல்லத்தில் இருந்தார்கள். மற்றொரு மனைவியார் ஒரு தட்டில் உணவு வைத்துப் பணியாளிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வீட்டிலிருந்த அன்னையாருக்கு ரோஷம் வந்துவிட்டது. பணியாளின் கையைத் தட்டிவிட்டார்கள். தட்டு விழுந்து உடைந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்து கொள்ளவில்லை. உடைந்த துண்டுகளைத் தங்கள் திருக்கரத்தாலேயே ஒன்று சேர்த்தார்கள். சிந்திய உணவை எடுத்து வைத்தார்கள். அங்கிருந்தவர்களிடம், உங்கள் தாயாருக்கு ரோஷம் வந்துவிட்டது என்று சமாதானமாகக் கூறினார்கள். ஆனால் அத்துடன் விட்டுவிடவில்லை. பணியாளை நிறுத்தி வைத்து, உடைத்தவரின் வீட்டிலிருந்தே நல்ல தட்டு ஒன்றை வாங்கி, தட்டை இழந்தவரின் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். உடைந்த தட்டு உடைத்த வீட்டிலேயே தங்கிவிட்டது. இது புகாரி ஷரீஃபில் வரும் சம்பவமாகும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? நடந்தது ஒரே குடும்பத்துக்குள். உடைந்தது ஒரு தட்டு. அதன் விலையோ அற்பம். அப்படியிருந்தும், வீட்டுக்குள் நடந்ததுதானே என்று விடப்படவில்லை. ஒருவருடைய கையால் இன்னொருவருக்கு நஷ்டம் ஏற்பட்டால் அதை ஈடு செய்வது நஷ்டம் செய்தவர் மீது கடமை. இதற்குத்தான் ஃபிக்ஹு கிதாபுகளில் ளமான் என்று பெயர்.

தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ்ஜைப் பற்றி மாதந்தோறும் நிறையப் பேசுகிறோம். ளமானைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு. பேசாததனால் விளைந்த ஒன்றை, நம்முடைய குறையையும் மறைக்காமல், இம்மாதம் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

ஒரு குடும்பம்

நாம் இமாமத் செய்யும் ஊரில் பந்தல், லைட், மைக்செட், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் குடும்பம் ஒன்று உண்டு. அத்தாவும் இரண்டு மகன்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். ஐவேளைத் தொழுகை தவறாதவர்கள். பள்ளிவாசலில் மீலாது விழா என்றாலும், பக்கத்துத் தெருவில் கோயில் திருவிழா என்றாலும், கல்யாணம் காதுகுத்து என்றாலும் இவர்களைத்தான் கூப்பிடுவார்கள். இத்தகைய குடும்பத் தொழில்களில் கடைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்பது கிடையாது. கல்லாவிலிருந்துதான் அரிசி வாங்குவார்கள். மகளின் கல்யாணத்துக்குச் சேர்த்த நகையை அடகு வைத்துத்தான் புது ஜெனரேட்டர் வாங்குவார்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு மூத்த மகன் ஒரு தாளைக் கையில் பிடித்துக் கொண்டு நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், நம்ம வேலையில யாருக்காவது அடிபட்டுட்டா, பொருள் சேதமாயிட்டா, இந்தக் கம்பெனிக்காரங்க நஷ்டஈடு கொடுப்பாங்களாம். வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கட்டணுமாம். எடுக்கலாமா?" என்று கேட்டார். நாம் மிஹ்ராபுக்குப் பக்கத்தில் நின்றபடியே, "இன்ஷூரன்ஸ் கூடாது தம்பி. அதில் வட்டியும் சூதும் கலந்திருக்கிறது. தவக்குல் வையுங்கள்" என்று சொன்னோம். அவர் ஸலாம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கேள்விக்கு நாம் செலவிட்ட நேரம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு கல்யாணம். பந்தலின் இரும்புக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த ஒயரில் ரப்பர் வெடித்திருந்தது. கம்பம் நனைந்திருந்தது. மாலை கொண்டு வந்த பூக்காரரின் பத்து வயது மகன் அந்தக் கம்பத்தைப் பிடித்தான். அல்லாஹ்வின் கிருபை, உயிர் தப்பியது. ஆனால் வலது கை வெந்துபோனது. ஆஸ்பத்திரியில் பல வாரங்கள் கிடந்தான். இரண்டு விரல்கள் இன்றும் மடங்குவதில்லை. பூக்கட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு விரல்கள்தானே முதல்!

விஷயம் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தது. "எல்லாம் அல்லாஹ்வுடைய நாட்டம் ஹஜ்ரத். நாம என்ன செய்ய முடியும்?" என்றார் அத்தா. "அவங்க நம்ம ஆளுங்க இல்லையே. ஏதோ கொஞ்சம் கொடுத்துப் பேசி முடிச்சிடலாம்" என்றார் கூட இருந்த ஒருவர். அப்போது இளைய மகன் தலையைக் குனிந்தபடி, "அத்தா, அந்த ஒயரை மாத்தணும்னு நோன்புக்கு முன்னாடியே நான் சொன்னேனே" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்தவர் நம்மைப் பார்த்தார். "ஹஜ்ரத், நீங்க எடுக்க வேண்டாம்னு சொன்னீங்க. நாங்க எடுக்கல. இப்ப இந்தப் பிள்ளைக்கு யார் கொடுக்கிறது? அதையும் நீங்களே சொல்லுங்க" என்றார்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. நாம் சொன்னது தவறான மஸ்அலா அல்ல. ஆனால் அது பாதி மஸ்அலா. மீதிப் பாதியைச் சொல்லாமல் ஒரு குடும்பத்தை அனுப்பி வைத்தோம். அந்த மீதிப் பாதியை இப்போது உங்கள் முன் வைக்கிறோம்.

நாட்டம் என்ற சொல்

எல்லாம் அல்லாஹ்வின் நாட்டப்படியே நடக்கின்றன. இது நம்முடைய ஈமான். ஆனால் இந்தச் சொல்லை யார் சொல்ல வேண்டும்? அடிபட்டவர் சொன்னால் அது ஸப்ரு. அடிபடக் காரணமாக இருந்தவர், கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்காகச் சொன்னால் அதற்கு என்ன பெயர்?

ஒரு முஃமினைத் தவறுதலாகக் கொன்றுவிட்டவருக்கு அல்லாஹ் திருக்குர்ஆனில், அந்நிஸா அத்தியாயத்தின் 92 ஆம் வசனத்தில் சட்டம் வகுத்திருக்கிறான். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அப்படியிருந்தும் அடிமையை விடுதலை செய்வதும், இறந்தவரின் குடும்பத்தாருக்குத் தியத் என்னும் ஈட்டுத்தொகை கொடுப்பதும் கடமை என்கிறான். அக்குடும்பத்தார் மன்னித்து விட்டுக் கொடுத்தாலன்றித் தியத் நீங்காது. தவறுதல் என்பதால் தண்டனை குறைகிறது. அடியார்களின் ஹக்கு குறையவில்லை. ஹக்குல் இபாத் அடியாரிடம் தீர்க்கப்பட வேண்டும். தீர்க்காமல் போனால் மறுமையில் தொழுகையும் நோன்பும் ஜகாத்தும் மலைபோல் கொண்டு வந்தவரின் நன்மைகள் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பங்கிடப்பட்டு, அவர் வெறுங்கையராக நிற்பார் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பது முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது.

காயப்பட்டவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் இல்லை என்று சொன்னவருக்கும் பதில் உண்டு. இஸ்லாமிய ஆட்சியில் வாழும் முஸ்லிமல்லாத குடிமகனுக்கும் முஸ்லிமுக்கும் தியத் சமமே என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். பூக்காரரின் பிள்ளைக்கு வலிப்பதும், நம் பிள்ளைக்கு வலிப்பதும் ஒரே வலிதான்.

தொழில் செய்வோரும் பொறுப்பும்

கூலிக்கு ஊராருக்கெல்லாம் வேலை செய்து கொடுப்பவரை ஃபிக்ஹில் அஜீரெ முஷ்தரக் என்பார்கள். தையற்காரர், சாயம் போடுபவர், துணி வெளுப்பவர், சுமை தூக்குபவர் ஆகியோர் அதில் அடங்குவர். இன்றைய எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக், பந்தல்காரர், கல்யாணச் சமையல்காரர் எல்லாரும் இந்த இனம்தான்.

இவர்கள் கையில் பொருள் பாழானால் யார் பொறுப்பு? ஸஹாபாக்கள் காலத்திலேயே இக்கேள்வி வந்துவிட்டது. கைத்தொழில் செய்வோரை ஹளரத் அலீ (ரலி) அவர்கள் பொறுப்பாளியாக்கி, இப்படிச் செய்தால்தான் மக்கள் நிலை சீராக இருக்கும் என்ற கருத்தில் கூறியதாக அறிவிக்கப்படுகிறது.

இமாம்களுக்கிடையில் இதில் கருத்து வேறுபாடு உண்டு. வேலைக்காரரிடம் கொடுத்த பொருள் அவரிடம் அமானத். அவருடைய செயலாலன்றித் திருடு போய்விட்டால் அவர் மீது ளமான் இல்லை என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களுடைய மாணவர்களான இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரும், ஊரெல்லாம் பிடித்த தீ போலத் தடுக்க முடியாததைத் தவிர மற்றவற்றுக்கு அவர் பொறுப்பு என்றார்கள். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் ளமான் இல்லை என்ற கருத்துடையவர்களாக இருந்தும், கெட்ட தொழிலாளிகள் அதைச் சாக்காக்கிக் கொள்வார்கள் என்று அஞ்சி, வெளிப்படையாகச் சொல்லவில்லை என்று அவர்களின் மாணவர் ரபீஃ (ரஹ்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஒரு மஸ்அலாவைச் சொன்னால் கேட்பவர் அதை எப்படிக் கொண்டு போவார் என்று பெரிய இமாம்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! நாம் மிஹ்ராபடியில் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டோம்.

ஆனால் தொழிலாளியின் செயலினாலேயே நஷ்டம் வந்தால்? மதரஸாவில் ஓதிய ஒவ்வொரு ஆலிமும் ஹிதாயாவில் இந்தப் பாடத்தைப் படித்திருப்பார். துணி வெளுப்பவர் அடித்துத் துவைக்கும்போது துணி கிழிந்தாலும், சுமை தூக்குபவர் வழுக்கி விழுந்து சரக்கு கெட்டாலும், சுமையைக் கட்டிய கயிறு அறுந்தாலும், ஓடத்தை இழுத்தபோது மூழ்கினாலும் ளமான் உண்டு. இது ஹனஃபி இமாம்களின் தீர்ப்பு. இமாம் ஸுஃபர், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) இருவரும் இதில் மாறுபடுகிறார்கள்.

அதே இடத்தில் ஹிதாயாவின் ஆசிரியர் இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்கள் இன்னொன்றையும் சொல்கிறார்கள். ஓடத்தில் மனிதர் மூழ்கினாலோ, வாகனத்திலிருந்து மனிதர் விழுந்தாலோ, அது கூலி ஒப்பந்தத்தினால் வரும் ளமான் அல்ல. மனித உடலுக்கு ஏற்படும் சேதம் ஜினாயத் என்ற தனிப் பாடத்தைச் சேர்ந்தது. ஆகவேதான் அது ஆகிலாவின் மீது விழுகிறது என்கிறார்கள். இந்த ஆகிலா என்ற சொல்லை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் வருகிறோம்.

சாய்ந்த சுவர்

பந்தல்காரர் அந்தப் பிள்ளையைத் தம் கையால் அடிக்கவில்லையே, ஒயர்தானே என்று கேட்கலாம். அதற்கும் கிதாபில் இடமிருக்கிறது. ஒருவருடைய சுவர் பொதுவழியின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதை இடித்துவிடும்படி சாட்சிகளை வைத்து அவரிடம் ஒருவர் சொல்கிறார். இடிப்பதற்குப் போதுமான அவகாசம் இருந்தும் அவர் இடிக்கவில்லை. சுவர் விழுந்து உயிரோ பொருளோ சேதமானால் அவர் பொறுப்பாளி. எச்சரிப்பவர் முஸ்லிமாக இருந்தாலும் முஸ்லிமல்லாதவராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்.

வெடித்த ஒயர் சாய்ந்த சுவர் அல்லாமல் வேறென்ன? சாட்சி வைத்துச் சொல்வது முதலிய நிபந்தனைகள் காழியின் விசாரணைக்கு உரியவை. ஆனால் "மாத்தணும்" என்று சொந்த மகனே சொல்லியாகிவிட்டது. நோன்பு கழிந்தது, பெருநாள் கழிந்தது, ஒயர் மட்டும் மாறவில்லை. இத்தகைய இடத்தில் நாட்டத்தின் மீது பழி போட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியுமா?

நம் நாட்டுச் சட்டமும் இதை விட்டு வைப்பதில்லை. 1932 ஆம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டப்படி, தகப்பனும் பிள்ளைகளும் பங்காளிகளாக ஒரு தொழில் நடத்தினால், தொழிலினால் வந்த கடனுக்குச் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. ஒருவர் பெயரில் மட்டும் நடக்கும் கடையிலோ, கடைப் பணம் வேறு வீட்டுப் பணம் வேறு என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு விபத்து, முப்பதாண்டு உழைப்பையும் குடியிருக்கும் வீட்டையும் கொண்டு போய்விடலாம். ஷரீஅத்திலும், ஒருவர் மௌத்தானால் கஃபன் செலவுக்கு அடுத்தபடி கடன்தான். கடன் போக மிஞ்சியதில்தான் வஸிய்யத்தும் வாரிசுப் பங்கும்.

ஆகிலா என்னும் ஏற்பாடு

இவ்வளவு பாரத்தையும் ஒரு மனிதர் மீது போட்டு நசுக்கிவிடுவதுதானா ஷரீஅத்தின் நோக்கம்? இல்லை.

ஹுதைல் கோத்திரத்துப் பெண்கள் இருவர் சண்டையிட்டனர். ஒருத்தி எறிந்த கல்லில் மற்றவளும் அவள் வயிற்றிலிருந்த சிசுவும் மாண்டனர். கொன்றவளின் ஆகிலா, அதாவது அவளுடைய உறவுக் கூட்டத்தார், தியத்தைக் கொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முழு ஈடு கிடைத்தது. பாரமோ பலர் தோளில் பகிரப்பட்டது.

ஹளரத் உமர் (ரலி) அவர்கள் காலத்தில் போர்வீரர்களின் பெயர்களைத் திவான் என்ற பதிவேட்டில் எழுதி மானியம் வழங்கினார்கள். அப்போது ஒரே பதிவேட்டில் உள்ளவர்களை ஒருவருக்கொருவர் ஆகிலாவாக ஆக்கினார்கள். இரத்த உறவு மட்டும்தான் ஆகிலா என்பதல்ல, யார் யாருக்குத் துணை நிற்கிறார்களோ அவர்களே ஆகிலா என்று ஹனஃபி ஃபுகஹாக்கள் இதிலிருந்து விளங்கினார்கள். ஆகவேதான், ஒரு காலத்தில் மக்கள் தொழில் வாரியாக ஒருவருக்கொருவர் துணை நின்றால் அத்தொழிலைச் சேர்ந்தவர்களே அவர்களின் ஆகிலா என்று ஹிதாயாவில் கூறப்பட்டுள்ளது. ஓதும் காலத்தில் பரீட்சைக்காக மனனம் செய்த அந்த வரி, அன்றிரவு நமக்கு முதன்முதலாக விளங்கியது.

அதன் ஒழுங்கையும் பாருங்கள். முழுத் தியத்தில் இருபதில் ஒரு பங்குக்குக் குறைவான சிறு தொகையைச் செய்தவரே கட்ட வேண்டும். அதற்கு மேற்பட்டதுதான் கூட்டத்தாருக்கு வரும். அதுவும் மூன்று ஆண்டுகளில் தவணையாக. ஒருவர் தலையில் மூன்று நான்கு திர்ஹத்துக்கு மேல் விழக்கூடாது. செய்தவரும் அவர்களில் ஒருவராகத் தம் பங்கைக் கொடுக்க வேண்டும்.

குற்றம் செய்யாதவர்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஹிதாயா சொல்லும் காரணம் சிந்திக்கத் தக்கது. தமக்குப் பின்னால் ஆட்கள் இருக்கிறார்கள் என்ற பலத்தில்தான் ஒருவர் அசட்டையாக இருக்கிறார். அவரைக் கவனித்துத் திருத்தாமல் விட்டது அந்தக் கூட்டத்தாரின் குறை. அப்படியானால் ஒயரைப் பார்க்காமல் விட்டது பந்தல்காரர் மட்டுமா? அதே பந்தலின் கீழ் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்ட நாமும்தான்.

இன்ஷூரன்ஸ் பற்றி

இப்போது மூத்த மகனின் கேள்விக்கு வருவோம்.

கப்பல் சரக்குகளுக்கு ஐரோப்பிய வியாபாரிகள் எடுத்த இன்ஷூரன்ஸைப் பற்றி, ஹிஜ்ரி 1252 இல் மறைந்த திமிஷ்கு நகரத்து ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எழுதியிருக்கிறார்கள். பொறுப்பில்லாத ஒன்றைப் பணத்துக்காகப் பொறுப்பேற்பது என்ற காரணத்தால், அந்த நஷ்டஈட்டை வாங்குவது கூடாது என்றார்கள். 1961 இல் திமிஷ்கில் கூடிய மாநாட்டில் சிரியாவின் முஸ்தஃபா ஸர்கா அவர்கள் இன்ஷூரன்ஸ் கூடும் என்று வாதிட்டார்கள். எகிப்தின் முஹம்மது அபூஸஹ்ரா அவர்கள் மறுத்தார்கள். 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வியாபார இன்ஷூரன்ஸில் கரர் என்னும் நிச்சயமின்மை மிகுந்திருப்பதால் அது ஹராம் என்றும், ஒருவருக்கொருவர் உதவும் நோக்கில் நன்கொடை அடிப்படையில் அமைந்த கூட்டுறவு இன்ஷூரன்ஸ் கூடும் என்றும் தீர்மானித்தது. சூடானில் 1979 இலேயே அம்முறையில் ஒரு கம்பெனி தொடங்கியிருந்தது. மலேசியாவில் 1984 இல் தகாஃபுல் என்ற பெயரில் சட்டமே இயற்றினார்கள்.

நம் நாட்டில் சில இடங்களில் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மூன்றாம் நபருக்கான இன்ஷூரன்ஸ் இல்லாமல் வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. 1984 இல் போபாலில் விஷவாயு கசிந்த பெருந்துயரத்துக்குப் பிறகு, அபாயகரமான பொருள்களைக் கையாளும் தொழில்களுக்கு 1991 இல் பொதுப் பொறுப்பு இன்ஷூரன்ஸ் சட்டம் வந்தது. கட்டாயத்துக்காக எடுப்பவர் மீது குற்றமில்லை என்பது முஃப்திகள் பரவலாகச் சொல்லும் பதில். பந்தல்காரர், சமையல்காரர் போன்ற சிறு தொழில்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே இவர்களின் பிரச்சினை தனியாக ஆராயப்பட வேண்டியது.

நாம் முஃப்தி அல்ல. பத்திரிகையில் ஃபத்வா கொடுப்பது நம் வேலையுமல்ல. உங்கள் தொழில் என்ன, அதில் அபாயம் எவ்வளவு, பாலிஸியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முழுமையாக எழுதித் தாருல் இஃப்தாவில் கேளுங்கள். ஆனால் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் மாறாத சில விஷயங்களை மட்டும் சொல்லிவிடுகிறோம்.

முதலாவது: பாலிஸி ளமானை நீக்கிவிடாது. எந்தப் பாலிஸியிலும் ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு இவ்வளவு என்று மேல்வரம்பு உண்டு. முதல் இவ்வளவு ரூபாயை நீங்களே ஏற்க வேண்டும் என்றிருக்கும். வேண்டுமென்று செய்தது, சட்டத்தை மீறிச் செய்தது போன்றவற்றை விலக்கியிருப்பார்கள். சொந்த வேலையாளுக்கு அடிபட்டால் அது பெரும்பாலும் இந்தப் பாலிஸியில் வராது. அதற்கு வேறு பாலிஸி கேட்பார்கள். கம்பெனி இல்லை என்று கைவிரித்தால், அல்லாஹ்விடத்திலும் அது இல்லை என்றாகிவிடாது. மீதி உங்கள் கழுத்தில்தான்.

இரண்டாவது: பாலிஸி இருக்கிறது என்ற தைரியத்தில் பழைய ஒயரைக் கட்டுவதும், விபத்துக்குப் பிறகு உண்மையை மறைத்துப் பணம் வாங்குவதும் ஹராம். இதில் எந்த மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

மூன்றாவது, நம்மைப் போன்றவர்கள் சொல்லத் தவறியது: ஹராமுக்குப் பயந்து பிரீமியம் கட்டாமல் விட்டீர்களே, அந்தப் பணம் எங்கே? ஹராமை விட்டது நன்மை. ஆனால் அதே பணத்தில் புது ஒயர் வாங்கியிருக்க வேண்டாமா? எர்த் சரியாகப் போட்டிருக்க வேண்டாமா? மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் டிரிப் ஸ்விட்ச் ஒன்றை மாட்டியிருக்க வேண்டாமா? ஒரு பகுதியையாவது நாளைய ளமானுக்கென்று தனியே எடுத்து வைத்திருக்க வேண்டாமா? தவக்குல் என்பது கையிலிருப்பதைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பது. பிரீமியத்தை மிச்சம் பிடித்துச் செலவழித்துவிடுவதற்குத் தவக்குல் என்று பெயரில்லை.

நாம் செய்தது

மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அந்த அத்தாவிடம் போனோம். கிதாபில் உள்ளதைச் சொன்னோம். முதலில் நம்முடைய பாதிப் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டோம். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "வாங்க ஹஜ்ரத், ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். பூக்காரரின் முன்னால் நின்று, "தப்பு என்னுடையது. ஒயரை மாத்தச் சொல்லியும் மாத்தல" என்று வாய்திறந்து சொன்னார். வைத்தியச் செலவைத் தாமே ஏற்பதாகச் சொன்னார். பெரிய ஜெனரேட்டர் விற்கப்பட்டது. பெரியவர்களை வைத்துப் பேசி மீதிக்குத் தவணை குறிக்கப்பட்டது.

அந்த வார ஜும்ஆவில் நாம் பயான் செய்தது ஆகிலாவைப் பற்றித்தான். அதன்பின் ஊரிலுள்ள பந்தல், லைட், சமையல், பாத்திர வாடகைத் தொழில் செய்யும் குடும்பங்கள் பதினொன்று ஒன்று சேர்ந்தன. முஸ்லிமல்லாத தொழில்காரர்கள் மூவரும் அதில் அடக்கம். மாதம் முந்நூறு ரூபாய் தபர்ருஃ, அதாவது திரும்ப எதிர்பாராத நன்கொடை. கணக்கு எல்லாருக்கும் தெரியும்படி எழுதப்படுகிறது. சிறு சேதத்தை அவரவரே கட்ட வேண்டும். தாங்க முடியாததற்குத்தான் நிதி. கல்யாண சீசனுக்கு முன் ஒருவர் சாமானை இன்னொருவர் பார்க்க வேண்டும். வெடித்த ஒயர் இருந்தால் அங்கேயே வெட்டிப் போட வேண்டும். நாம் கண்டவரையில், பணத்தைவிட இந்தக் கடைசி ஏற்பாட்டில்தான் பரக்கத் அதிகம்.

இதைச் செய்ய நினைக்கும் ஊரார் ஒரு வக்கீலையும் கலந்து கொள்ளுங்கள். 1938 ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டப்படி பதிவில்லாமல் இன்ஷூரன்ஸ் வியாபாரம் நடத்தக் கூடாது. எனவே இவ்வளவு கட்டினால் இவ்வளவு தருவோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இது வியாபாரமல்ல, உதவி.

இந்த நிதி சிறியது என்பது நமக்குத் தெரியும். உயிர்ச் சேதம் ஏற்பட்டு, கோர்ட்டு பல லட்சம் கொடுக்கச் சொன்னால் பதினொரு குடும்பம் தாங்காது. நூறு ஊர்களில் இப்படி நூறு நிதிகள் உருவாகி ஒன்றோடொன்று கைகோத்தால் தாங்கலாம். அதுவரை ஒவ்வொருவரும் தம் நிலையை முஃப்திகளிடம் எடுத்துச் சொல்லி வழி கேட்டுக் கொள்ளட்டும். உலமாக்களாகிய நாமும், கூடாது என்று ஒரு கதவை அடைக்கும்போது எந்தக் கதவு திறந்திருக்கிறது என்பதையும் காட்டிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஒரு ஜனாஸா கொண்டு வரப்பட்டபோது, இவருக்குக் கடன் இருக்கிறதா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். இருக்கிறது, அடைப்பதற்கு எதையும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும், தாங்கள் தொழ வைக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அப்போது ஹளரத் அபூகதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அக்கடனைத் தம் பொறுப்பில் ஏற்றார்கள். அதன்பிறகே நாயகம் (ஸல்) அவர்கள் தொழ வைத்தார்கள். கடன் எவ்வளவு பாரமானது என்பதும், ஒரு சகோதரர் தோள் கொடுத்தால் அது எப்படி இறங்குகிறது என்பதும் இந்த ஒரே சம்பவத்தில் இருக்கின்றன.

சகோதரர்களே! இந்தப் பக்கத்தை மூடிவைத்தவுடன் உங்கள் கடைக்குப் போய் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். எந்த ஒயர் வெடித்திருக்கிறது, எந்தக் கயிறு இற்றிருக்கிறது, எந்த ஏணியில் படி ஆடுகிறது என்று பாருங்கள். உங்கள் மகனோ வேலையாளோ ஏற்கனவே சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை அலட்சியம் செய்யாதீர்கள்.

நம் கைகளால் பிறருக்குத் தீங்கு நேராமல் வல்ல அல்லாஹ் காப்பானாக! நேர்ந்துவிட்டால் அதை ஒப்புக்கொள்ளும் ஈமானையும், தீர்த்து வைக்கும் சக்தியையும், தோள் கொடுக்கும் சகோதரர்களையும் தருவானாக! அந்தச் சிறுவனின் விரல்களுக்கு ஷிஃபாவை அளிப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.